கப்பல் ஒரு நாள் குவாத்தமாலால நிக்கிது, ஆன்டிகுவா போய்ட்டு வரலாமா?

கீழக்கரை ஸ்டீவர்ட்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் பயணிகள் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங்ல இருக்கேன், இப்ப லீவுல ஊர்லதான், பெருநாள் முடிச்சுட்டு திரும்ப சைன் ஆன். இந்த வாட்டி எங்க கப்பல் பனாமா கால்வாய தாண்டி பசிபிக் பக்கம் வந்து அப்புடியே மேல லாஸ் ஏஞ்சலஸ் போகுது, நடுவுல குவாத்தமாலால புவேர்ட்டோ கெட்சால்ண்டு ஒரு போர்ட்ல ஒரு பகல் நிக்கும், மார்ச் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை, காலைல 7 மணிக்கு கட்டி சாயங்காலம் 6 மணிக்கு கிளம்பும்ண்டு ஷெட்யூல்ல போட்டுருக்கு. அங்கேர்ந்து உள்ள போனா ஆன்டிகுவாண்டு ஒரு பழைய ஊர் இருக்காம் (கிரிக்கெட் ஆடுவாங்கள்ல அந்த ஆன்டிகுவா தீவு இல்ல, அது கரீபியன்ல, இது வேற). முன்னாடி அந்த ரூட்ல போன பசங்க போட்டோ காமிச்சானுக, மஞ்ச கலர்ல ஒரு ஆர்ச், அதுக்கு நேரா பின்னாடி ஒரு மலை, அதுலேர்ந்து அந்த ஊர் மண்டைக்குள்ளயே இருக்கு. சூப்பர்வைசர்ட்ட பேசி டூட்டிய மாத்துனா காலைல 8 அரைலேர்ந்து ஒரு 4 மணி வரைக்கும் கிடைக்கும்ண்டு நெனைக்கிறேன்.

கேள்வி என்னண்டா, இந்த நேரத்துக்குள்ள போய்ட்டு உருப்படியா எதாச்சும் பாத்துட்டு வர முடியுமா, இல்ல வேன்லயே பொழுது போயிருமா? சும்மா ஆர்ச்சுக்கு கீழ நின்னு செல்ஃபி எடுத்துட்டு வர்றதுக்கு எனக்கு மனசில்ல, அந்த ஊர் ஏன் அப்புடி இருக்கு, என்ன நடந்துச்சுண்டு புரிஞ்சு பாக்கணும். சாப்பாட்டுக்கு என்ன பண்றது, அங்க ஹலால்லாம் கிடைக்கிற மாதிரி தெரியல. வீட்ல வேற துணி எதாச்சும் வாங்கிட்டு வாங்கண்டு இப்பவே சொல்லிட்டாங்க. போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

மண்டபம் மச்சான்:

மாப்ள பேசாம போர்ட்லயே இரு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அதுவும் ரோடு காலியா இருந்தாத்தான். போயி பாத்தா பூரா இடிஞ்ச சர்ச்சு, கூரை இல்லாத செவுரு. இடிஞ்சத பாக்கணும்ண்டா குவாத்தமாலா வரைக்கும் எதுக்கு, தனுஷ்கோடிக்கு ஒரு பஸ் ஏறி போய்ட்டு வந்துரு. டெர்மினல்ல வைஃபை இருக்கும், கடை இருக்கும், வீட்டுக்கு வீடியோ கால் போட்டுட்டு நல்லா தூங்கு, அடுத்த கடல் நாளைக்கி ஒடம்பு கேக்கும்ல.

பாம்பன் போசன்:

தம்பி, மண்டபத்துக்காரர் சொல்றத கேக்காத, நீ போ. நான் அந்தப் பக்கம் ஓடிருக்கேன், இப்ப ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்துருக்கேன், அதனால நெதானமா சொல்றேன்.

முதல்ல ஊரப் பத்தி கனவு காணாம கப்பல் வேலைய பாரு. அன்னைக்கி உனக்கு ஐபிஎம், அதான் போர்ட்ல நிக்கும்போது கப்பல்லயே இருக்க வேண்டிய முறை, விழுதாண்டு லிஸ்ட் பாத்துக்க, விழுந்துச்சுண்டா நீ கப்பல விட்டு எறங்க முடியாது. போட் டிரில்லையும் போர்ட்ல நிக்கிற காலைலதான் வைப்பானுக, அதையும் கேட்டுக்க. அடுத்தது கடிகாரம், இதுலதான் பாதிப் பேரு மாட்டுறது, குவாத்தமாலால டைம மாத்துறதே கிடையாது, அங்கிட்டு கோடை டைம்லாம் இல்ல, உன் கப்பல் வேற டைம்ல ஓடலாம், உன் போன் தானா லோக்கல் டைமுக்கு மாறிக்கும், நீ போன பாத்துட்டு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குண்டு காபி குடிச்சிட்டு இருந்தீண்டா கப்பல் போயிரும். கையில ஒரு வாட்ச கட்டி கப்பல் டைம்லயே வச்சிரு. க்ரூவுக்கு ஆல் அபோர்டு, அதான் கப்பலுக்கு திரும்பி ஏறிற வேண்டிய நேரம், பயணிகளுக்கு முன்னாடியே முடிஞ்சிரும், அத நான் உனக்கு சொல்லணும்ண்டு இல்ல.

தூரம் 90 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். கடலோரம் நம்ம ஊரு மாதிரியே பிசுபிசுண்டு வேக்காடு, எஸ்குவின்ட்லாண்டு ஒரு டவுன் வரைக்கும் சமவெளி, சுத்தி பூரா கரும்பு. நீ போற மாசம் கரும்பு வெட்டு நடக்கும், ரெண்டு மூணு டிரெய்லர கோத்துக்கிட்டு ஒரு லாரி போகும் பாரு, அதுக்குப் பின்னாடி மாட்டுனா ஊர்வலம்தான். அதத் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா காத்து மாறும், ஆன்டிகுவா 1500 மீட்டர் ஒசரத்துல இருக்கு, காலைல போயி எறங்குனா நமக்கெல்லாம் குளிரும், ஒரு மெல்லிசு ஜாக்கெட் எடுத்துக்க. எஸ்குவின்ட்லாலேர்ந்து நேரா ஏறுற ரோட்டுல வேன்காரன் போனாண்டா வழியில சான் மிகுவேல் லாஸ் லோதேஸ்ங்கிற ஊர் இருந்த எடத்த காமிக்கச் சொல்லு. 2018 ஜூன் 3ஆம் தேதி ஃபுவேகோ எரிமலை வெடிச்சு சூடான சாம்பலும் கல்லும் மலைச்சரிவுல எறங்கி அந்த ஊர அப்புடியே மூடிருச்சு, ஓடுறதுக்கு கூட ஜனங்களுக்கு நேரம் இல்ல. அந்த மலை இப்பவும் உசுரோட இருக்குறதுதான், மனசு வச்சா நீ தெருவுல நிக்கும்போதே புகை விடும்.

வேன் எப்புடி பிடிக்கிறதுண்டா, க்ரூ டூர் போட்டா அதுல போயிரு, இல்லாட்டி டெர்மினல்ல வேன்காரங்க நிப்பாங்க, நாலஞ்சு பேரா சேந்து பேசுங்க. போகும்போது பாதி, வரும்போது பாதிண்டு காசு பேசு, முழுசும் மொதல்லயே குடுத்துராத. டாலர் வாங்குவாங்க, ஆனா ஓரம் கிழிஞ்ச நோட்டு, பேனால கிறுக்குன நோட்டு எதையும் தொட மாட்டாங்க. கலர் கலரா பெயின்ட் அடிச்ச லோக்கல் பஸ் ஓடும், அமெரிக்கால பழசாகிப் போன ஸ்கூல் பஸ்ஸ வாங்கிட்டு வந்து ஓட்டுறது அது, பாக்க ஜோரா இருக்கும், கப்பல பிடிக்க வேண்டியவன் அதுல ஏறக்கூடாது.

ஊருக்குள்ள உனக்கு மூணு மூணரை மணி நேரம்தான் மிஞ்சும். அது சின்ன ஊரு, தெருவெல்லாம் நேர் நேரா கட்டம் போட்ட மாதிரி வெட்டுனது, நடந்தே பாக்கலாம். தரை பூரா உருண்டைக் கல்லு பதிச்சது, செருப்பு போட்டு போயிராத, கால் மடங்கிரும். நடுவுல இருக்க பார்க்ல எறங்கி கதீட்ரலுக்குப் பின்னாடி இருக்க இடிபாட்டுக்குள்ள போ, சின்னதா டிக்கெட் இருக்கும், முன்பக்கம் மட்டும்தான் இப்ப சர்ச்சா ஓடுது, பின்னாடி கூரை பூரா விழுந்து தூணும் வளைவும் மட்டும் நிக்கிது, அண்ணாந்தா குவிமாடம் இருந்த எடத்துல வானம். அப்பறம் ஆர்ச், அப்பறம் லா மெர்சேத் சர்ச், கால் தாங்குச்சுண்டா கப்புசினாஸ் மடம். அம்புட்டுதான். மேல சிலுவை மேட்டுக்கு ஏறணும், காபித் தோட்டம் பாக்கணும், சாக்லேட் செய்யிறத பாக்கணும்ண்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிச்சா எதையும் பாத்த மாதிரி இருக்காது.

தொண்டி மேஸ்திரி:

நான் கப்பல்லாம் போனதில்ல தம்பி, கட்டட வேலை பாக்குறவன். எம்மவன் அமெரிக்கால படிக்கும்போது அந்த ஊருக்கு போய்ட்டு போட்டோவா அனுப்புனான், அந்த செவுத்தோட தடிமன பாத்துட்டு பைத்தியம் பிடிச்சு தேடித் தேடி படிச்சதுதான் இது.

மண்டபத்துக்காரரே, தனுஷ்கோடிய இதுக்கு சொல்லாதீக. 64ல புயல் அடிச்சப்பறம் அங்க குடியிருக்க லாயக்கில்லண்டு கவர்மென்ட் சொல்லிருச்சு, ஊரும் அதோட போச்சு, இன்னைக்கி மீன் பிடிக்கிற ஆளுக கொஞ்சப் பேரும் சிப்பி மாலை விக்கிறவங்களும்தான் இருக்காக. ஆன்டிகுவாலயும் அதே மாதிரி காலி பண்ணச் சொல்லித்தான் உத்தரவு போட்டான், ஆனா ஜனம் போகல. வித்தியாசம் அங்கதான் இருக்கு, போய் பாக்க வேண்டியதே அதத்தான்.

கதை எங்கேர்ந்து தொடங்குதுண்டா, ஸ்பெயின்காரன் தலைநகரத்த ஆகுவாங்கிற எரிமலையோட அடிவாரத்துல கட்டிருந்தான். அந்த நாட்ட பிடிச்ச பேத்ரோ தே அல்வராதோ 1541ல மெக்சிகோ பக்கம் சண்டைல செத்துப்போனான், அவன் பொண்டாட்டி பெயாத்ரிஸ் தே லா குயேவா தானே கவர்னரா ஒக்காந்தா, ஒக்காந்து ரெண்டு மூணு நாள்தான், விடாம மழை, மலையிலேர்ந்து சேறும் பாறையுமா எறங்கி ஊர மூடிருச்சு, அந்தம்மாவும் அதுல போயிருச்சு. எரிமலை வாயில இருந்த ஏரி உடைஞ்சதுண்டு ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, மழையில ஊறுன சரிவு பேந்துக்கிட்டு வந்ததுதாண்டு இப்ப சொல்றாங்க. அந்த எடத்துக்கு இப்பவும் சியுதாத் வியேகாண்டு பேரு, ஆன்டிகுவாக்கு பக்கத்துலயே இருக்கு. அதுக்கப்பறம் 1543ல கொஞ்சம் தள்ளி இந்தப் பள்ளத்தாக்குல புதுசா ஊர் கட்டுனாங்க, மெக்சிகோவோட சியாபாஸ்லேர்ந்து கோஸ்டாரிகா வரைக்கும் இங்கேர்ந்துதான் ஆட்சி. 1676லயே இங்க யுனிவர்சிட்டி வந்துருச்சுண்டா பாத்துக்கோங்க.

ஆனா மண்ணு விடல. 1717ல பெரிய நிலநடுக்கம், இடிஞ்சத திருப்பி கட்டுனாங்க. அந்த தலைமுறைல கட்டுனத பாத்தா ஒரு கொத்தனாருக்கு ஒடனே புரிஞ்சிரும், அவன் பயந்துபோய் கட்டிருக்கான். தம்பி நீ லா மெர்சேத்துக்கு முன்னாடி நிக்கும்போது கவனி, மஞ்ச சர்ச், வெள்ள சுதை வேலைப்பாடு, எல்லாரும் அந்த அலங்காரத்ததான் போட்டோ எடுப்பான், நீ அந்த மணிக்கூண்ட பாரு. ஒசரமே இருக்காது, குட்டையா குண்டா சர்ச்சோட தோள்லயே ஒக்காந்துருக்கும். செவுரு தடி, ஜன்னல் சின்னது, ஜன்னல் குழி ஆழம். ஒசரமா கட்டுனா ஆடும், ஆடுனா மேல்பாரம் விழும், அதனால பாரத்த கீழ எறக்கி அகலத்துல பரப்பிட்டான். 1767ல கட்டி முடிச்சாங்க, ஆறே வருசத்துல 1773 ஜூலை 29ல அந்தப் பெரிய ஆட்டம் வந்துச்சு, ஊரே போச்சு, இது நின்னுச்சு. கதீட்ரல் அதுக்கு முன்ன 1680ல திறந்தது, ஒசரம், பெரிய பெரிய குவிமாடம், அது விழுந்துருச்சு. போசன் அண்ணே சொன்ன வரிசைல மொதல்ல கதீட்ரல் இடிபாடு, அப்பறம் லா மெர்சேத்து பாத்தா ரெண்டுக்கும் நடுவுல கட்டுறவன் புத்தி எப்புடி மாறுச்சுண்டு கண்ணாலயே தெரியும், அந்த வரிசைய மாத்திராத.

அப்பறம்தான் சண்டை. கவர்னர் மயோர்கா ஊர மாத்தியே ஆகணும்ங்கிறான், ஆர்ச்பிஷப் கோர்த்தேஸ் இ லார்ராஸ் முடியாதுங்கிறாரு. கடைசில 1776ல தலைநகரம் இப்ப இருக்க குவாத்தமாலா சிட்டிக்கு போயிருச்சு, இங்க இருந்த கதவு, கல்லு, சாமி சிலை எல்லாத்தையும் பேத்து வண்டி கட்டி கொண்டுபோனாங்க. போக வழியில்லாதவங்களும் போக மாட்டேண்டு நின்னவங்களும் இங்கயே தங்கி, இடிஞ்ச மடத்துக்குள்ளயும் சர்ச்சுக்குள்ளயும் குடும்பம் நடத்தி, அப்பறம் காபி வெளைய ஆரம்பிச்சு ஊரு திரும்ப எந்திரிச்சுச்சு. திரும்பக் கட்டுறதுக்கு காசு இல்லாததுனாலதான் பழசு பழசாவே நிக்கிது, அதத்தான் 1979ல யுனெஸ்கோ உலக பாரம்பரியத்துல சேத்துச்சு. 1976லயும் ஒரு நிலநடுக்கம், நாடு பூரா 23,000 பேர் கிட்ட செத்தாங்க, இங்கயும் சேதம். நீ பாக்குற விரிசல் எல்லாமே 1773ல வந்ததுண்டு நெனச்சிராத.

மண்டபம் மச்சான்:

மேஸ்திரி அண்ணே, நான் ஒத்தை வரி எழுதுனதுக்கு இம்புட்டா. சரி நான் பேசல.

வேர்க்கோடு அக்கா:

தம்பி, உன் தேதிய ஒரு தடவ காலண்டர்ல பாத்தியா? பெருநாள் முடிஞ்சு ஏறுறேங்கிற, மார்ச் கடைசி ஞாயிறுங்கிற, நான் இப்பத்தான் எடுத்து பாத்தேன், அது குருத்தோலை ஞாயிறுப்பா! அந்த ஊருக்கு வருசத்துலயே பெரிய வாரம் அன்னைக்கித்தான் தொடங்குது. இதுக்குண்டே உலகம் பூராலேர்ந்து ஆளுக வருவாங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடியே ரூம் போட்டு வச்சிருப்பாங்க, உனக்கு கப்பல் கொண்டுபோயி விடுது.

எங்க வீட்டுக்காரரு எஞ்சின் ரூம் ஆபீசரா இருந்தப்ப நானும் கூட போயிருக்கேன், தவக்காலத்துலதான். அங்க தவக்காலத்து ஞாயித்துக்கிழமையெல்லாம் பவனி உண்டு, குருத்தோலை ஞாயிறு அன்னைக்கி லா மெர்சேத்துலேர்ந்து சிலுவை சுமக்குற இயேசு சுரூபத்த தூக்கிட்டு வருவாங்க, பகல்ல கிளம்பி ராத்திரி வரைக்கும் ஊரச் சுத்தும். பல்லக்குண்டு நெனச்சிராத, வீட்டு நீளத்துக்கு மரத்துல செஞ்ச பீடம், ரெண்டு பக்கமும் வரிசையா தோள் குடுத்து தூக்குவாங்க, ஒவ்வொரு தெருவுக்கும் ஆள் மாறும், ஊதா அங்கி போட்டு முறை வாங்கி காத்துட்டு நிப்பாங்க. அது நேரா நடக்காது, ஒரு தாளத்துல ஆடி ஆடி வரும். பின்னாடி பேண்டு, அதுவும் சாவு வீட்டு ராகம். சாம்பிராணி மாதிரி கோப்பால்ண்டு ஒண்ணு போடுவாங்க, அந்த புகைல தெருவே தெரியாது. பெரிய வெள்ளி மத்தியானம் மூணு மணிக்கு மேல அம்புட்டு பேரும் ஊதாவ கழட்டிட்டு கருப்புக்கு மாறிருவாங்க, அது உனக்கு பாக்க கிடைக்காது.

ஆனா அதவிட நீ காலைலயே போயி பாக்க வேண்டியது தெருவுல போடுற விரிப்பு. மொதல்ல மணல கொட்டி கல்லு மேடு பள்ளத்த சமமாக்குவாங்க, அது மேல சாயம் போட்ட மரத்தூள அட்டைல வெட்டுன அச்சு வச்சு கலர் கலரா சலிச்சு போடுவாங்க, பூ, பைன் மர இலை, காய்கறி கூட வைப்பாங்க, காத்துல பறக்காம இருக்க அடிக்கடி தண்ணி தெளிக்கணும். ஓரத்துல இருக்கவங்க நடுவுல கை எட்டாதுண்டு குறுக்க பலகை போட்டு அதுமேல படுத்துக்கிட்டு வேலை பாப்பாங்க. அந்தந்த வீட்டுக்காரங்கதான் செலவு பண்ணி வாசல்ல போடுறது, ராத்திரியெல்லாம் முழிச்சு. பவனி அது மேலயே நடந்து போயிரும், அவ்வளவுதான், பின்னாடியே அள்ளிட்டு போற லாரியும் ஆளும் வரும். எனக்கு மொத தடவ பாக்கும்போது ஐயோண்டு இருந்துச்சு, போட்டவங்க மூஞ்சில அப்புடி ஒரு சந்தோசம். 2022ல குவாத்தமாலாவோட புனித வாரத்த யுனெஸ்கோ தனியா ஒரு பட்டியல்ல சேத்துருக்கு.

நடைமுறைக்கு வருவோம். அன்னைக்கி ஊருக்குள்ள பாதித் தெரு அடைச்சிருப்பாங்க, வேன் உள்ள வராது, ஊருக்கு வெளிய எறக்கி விட்ருவான், திரும்ப எங்க வந்து ஏறணும்ண்டு எறங்கும்போதே போட்டோ பிடிச்சு வச்சுக்க. தலைநகரத்துக்காரங்களும் அன்னைக்கி இங்கதான் இருப்பாங்க. அதனால போசன் அண்ணன் மூணரை மணி நேரம் சொன்னார்ல, அதுல அரை மணிய குறைச்சுக்க. பவனி வர்ற வரைக்கும் நிக்கணும்ண்டு ஆசைப்பட்டு நின்னுறாத, அது எப்ப எந்தத் தெருவுக்கு வரும்ண்டு சொல்ல முடியாது, கிடைச்சா பாரு, இல்லாட்டி விரிப்ப பாத்துட்டு வந்துரு.

நேரம் இருந்துச்சுண்டா சான் பிரான்சிஸ்கோ சர்ச்சுக்கும் போ. எர்மானோ பேத்ரோங்கிற புனிதர அங்க அடக்கம் பண்ணிருக்கு. கேனரி தீவுலேர்ந்து வந்தவரு, ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி வச்சு நடத்துனாரு, 1667ல இறந்துபோனாரு, 2002ல போப் ரெண்டாம் ஜான் பால் குவாத்தமாலாவுக்கே வந்து புனிதர் பட்டம் குடுத்தாரு. ஜனங்க கல்லறைய மெல்ல தட்டிட்டு வேண்டிக்குவாங்க. உனக்கு வேண்டுதல் இல்லாட்டியும் அங்க ஒக்காந்துருக்க மனுசங்கள பாக்கலாம்.

கீழக்கரை ஸ்டீவர்ட்:

அக்கா, இது எனக்கு தெரியவே தெரியாது, நான் சும்மா ஒரு ஞாயித்துக்கிழமைண்டுதான் நெனச்சேன். எங்க கப்பல்ல இது தெரிஞ்சா அம்புட்டு பேரும் லீவு கேப்பானுக. போசன் காக்கா, மேஸ்திரி காக்கா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கதீட்ரல் மொதல்ல, லா மெர்சேத் அப்பறம், மனசுல எழுதிட்டேன். ஆர்ச் பத்தி யாரும் சொல்லலையே, அது எதுக்கு கட்டுனது? அப்பறம் சாப்பாடு? நான் கோழி கூட ஹலால் இல்லாட்டி தொட மாட்டேன். மத்தியான லுஹர் தொழுகைக்கும் எடம் வேணும்.

பாம்பன் போசன்:

ஆர்ச்சு கன்னியாஸ்திரிங்களுக்கு கட்டுனது தம்பி, 1690கள்ல. சாந்தா கத்தலீனா மடத்துல எடம் பத்தாம தெருவுக்கு எதிர்ப்பக்கமும் எடம் வாங்குனாங்க, ஆனா அந்த மடத்து சிஸ்டருங்க வெளி ஆளு கண்ணுல படக்கூடாதுண்டு விதி, தெருவ தாண்ட முடியல, அதான் மேலயே ஒரு பாலம் கட்டி அதுக்குள்ள நடந்தாங்க. அந்த வளைவுக்கு உள்ள ஆள் போற நடைபாதை இருக்கு, வெளிய பாத்தா தெரியாது. கடிகாரம் பின்னாடி வந்தவன் வச்சது. கப்புசினாஸ் மடத்தையும் விட்றாத, அது 1736ல திறந்தது, வட்டமா ஒரு கட்டடம், சுத்தி 18 சின்ன அறை, அறைக்கு ஒரு ஆள். அதுக்கு கீழ நடுவுல ஒத்த தடித்தூண் தாங்குற வட்ட நிலவறை ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள நின்னு லேசா முனகிப் பாரு, சத்தம் சுத்தி வரும். அது எதுக்கு கட்டுனதுண்டு ஆளுக்கொரு கதை சொல்வாங்க.

சாப்பாடு. அந்த நாட்டுல பேர் போனது பெப்பியான், பூசணி வெதை, எள்ளு, காஞ்ச மொளகா எல்லாத்தையும் வறுத்து அரைச்ச கொழம்பு, வாசனைக்கே பசிக்கும், ஆனா கோழியோ பன்னியோ போட்டுத்தான் செய்வான், அதனால உனக்கு வேணாம். தமால்ண்டு இலையில கட்டி அவிச்சு விப்பாங்க, அதோட மாவுலயே பன்னிக்கொழுப்ப பிசைவாங்க, அதையும் விட்ரு. கருப்பு பீன்ஸ் மசியல் எல்லா தட்டுலயும் வரும், அதுலயும் சில எடத்துல கொழுப்பு போடுவான், ஆர்டர் பண்ணும்போதே "சின் மான்டேகா, சின் செர்தோ"ண்டு சொல்லிரு, கொழுப்பு வேணாம் பன்னி வேணாம்ண்டு புரிஞ்சுக்குவான், சந்தேகமா தலைய ஆட்டுனாண்டா வேற கடை பாரு. நம்பி திங்க மக்காச்சோள தோர்த்தியா இருக்கு, சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சு அரைச்சு கல்லுல தட்டிப் போடுறது, கூட முட்டை, அவகாடோ, தக்காளி சட்னி. தெருவுல சுட்ட சோளம் எலுமிச்சை தேச்சு, பழம் வெட்டி பூசணி வெதைப் பொடி தூவித் தருவாங்க. நேந்திரம் மாதிரி பெரிய வாழைப்பழத்த மசிச்சு உள்ள இனிப்பு பீன்ஸ் வச்சு பொரிச்ச ரெயேனித்தோ இருக்கு, எந்த எண்ணெய்ண்டு கேட்டுட்டு சாப்பிடு. காபி கட்டாயம் குடி, அங்க வெளைஞ்சது.

தொழுகைக்கு பள்ளி தேடி அலைய நேரம் இருக்காதுப்பா. பயணத்துல சேத்து தொழுகுறது உங்களுக்கு உண்டுல்ல, அது உனக்குத்தான் தெரியும். ஒதுக்குப்புறம் வேணும்ண்டா அந்த இடிபாட்டு மடத்துக்குள்ள தோட்டம் இருக்கும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

தேவிபட்டினம் மருமகள்:

துணி கேள்விக்கு நான் வர்றேன். பொறந்தது எமனேஸ்வரம், தறிக்காரங்க வீடு, அதனால எந்த நாட்டு தறியா இருந்தாலும் வீடியோ தேடி பாத்துருவேன். அங்க பூர்வகுடி மாயா இனத்து பொம்பளைங்க போடுற மேல்சட்டைக்கு உய்ப்பீல்ண்டு பேரு, ஒவ்வொரு ஊருக்கும் தனி டிசைன். நெய்யிறது இடுப்புத்தறில. நம்ம குழித்தறி மாதிரி சட்டம், மிதி எதுவும் இல்ல, பாவோட, அதான் நீளவாட்டு நூலோட, ஒரு நுனிய மரத்துல கட்டி இன்னொரு நுனிய வார் போட்டு இடுப்புல மாட்டிக்கிட்டு முட்டி போட்டு உக்காந்துருவாங்க, பின்னாடி சாஞ்சா பாவு இறுகும், முன்னாடி வந்தா தளரும், இழுவிசைய ஒடம்புதான் குடுக்குது. அதனால துணியோட அகலம் ஆளோட கை எட்டுற அளவுதான், பெருசா வேணும்ண்டா ரெண்டு மூணு துண்ட சேத்து தைப்பாங்க. ஒரு நல்ல உய்ப்பீல் முடிய மாசக்கணக்குல ஆகும், வெலையும் அப்புடித்தான் இருக்கும்.

அண்ணே நீங்க வாங்கும்போது துணிய திருப்பி பின்பக்கம் பாருங்க. மெஷின்ல நெய்ததுண்டா பின்னாடி நூல் நீள நீளமா மிதந்துக்கிட்டு இருக்கும், இல்லாட்டி ஒரே சீரா வெட்டிருக்கும். ஆன்டிகுவா பக்கத்துலயே சான் அந்தோனியோ ஆகுவாஸ் கலியேந்தேஸ்ண்டு ஒரு ஊரு, கக்சிக்கேல் மாயா ஜனங்க, அவங்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டிசைன் வர்ற மாதிரி நெய்வாங்க, எது நல்ல பக்கம்ண்டே தெரியாது. அந்த ஊருக்கு போக உங்களுக்கு நேரம் இல்ல, அங்க இருந்து வந்து ஆன்டிகுவா மார்க்கெட்ல விப்பாங்க, கேட்டு வாங்குங்க. முழு உய்ப்பீல் வாங்க வேணாம், உங்க வீட்ல இங்க அத போட்டுக்க மாட்டாங்க, மேசை விரிப்போ தோள் துண்டோ வாங்குங்க. பேரம் கொஞ்சம் பேசலாம், பாதிக்கு பாதி கேக்காதீங்க, நூலுக்குள்ள ஒருத்தியோட முதுகுவலி இருக்கு.

மண்டபம் மச்சான்:

ஜேட் கல்லுண்டு ஒண்ணு அங்கதான் கிடைக்கும்ண்டு எங்க கப்பல்ல ஒருத்தன் பை நிறைய வாங்கிட்டு வந்தான், அது நெசமா?

பாம்பன் போசன்:

பேசலண்டு சொன்னவரு வந்துட்டாரு பாரு. கல்லு நெசம்தான், குவாத்தமாலால மோத்தாகுவா ஆத்துப் பள்ளத்தாக்குலேர்ந்து எடுக்குறது, மாயா ராசாக்க காலத்துலேர்ந்து உண்டு. பை நிறைய வாங்குனது நெசமா இருக்காது. நல்ல கல்லுண்டா கடைக்குள்ள பில்லு போட்டு சர்டிபிகேட்டோட தருவான், வெலை கேட்டா நீ தானா வெளிய வந்துருவ. தெருவுல விக்கிற பச்சை பாசிய பாசிண்டே நெனச்சு வாங்கு, புள்ளைங்களுக்கு குடுக்க நல்லா இருக்கும்.

கீழக்கரை ஸ்டீவர்ட்:

இன்னைக்கி சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டு கேட்டுட்டேன் காக்கா, ஐபிஎம் லிஸ்ட் இன்னும் போடல, போன வாரம் மாதிரியே சுத்துனா அன்னைக்கி எனக்குத்தான் விழும் போலங்கிறாரு. யாராச்சும் ஒரு பயல்ட்ட மாத்திக்கிட்டா விட்ருவேன்ண்டு சொன்னாரு. எங்க செக்ஷன்ல முக்காவாசி பிலிப்பைன்ஸ் பசங்க, நல்ல பசங்க, கேட்டா செய்வானுக.

வேர்க்கோடு அக்கா:

தம்பி அவங்கட்ட கேக்காத, அவங்களுக்கும் அன்னைக்கி குருத்தோலை ஞாயிறு, எல்லாரும் கீழ எறங்கத்தான் பாப்பாங்க. உன் செக்ஷன்ல இந்தோனேசியா பசங்க இருந்தா அவங்கட்ட கேளு, அடுத்த போர்ட்ல நீ அவங்களுக்கு நிக்கிறேண்டு சொல்லிரு. லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே கேளு.